படுத்த படுக்கையானவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு: எந்தக் காகிதம் முதலில், எந்த அலுவலகம் அடுத்து

பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய், தண்டுவடக் காயம் என்று எதனால் வந்திருந்தாலும், ஒருவர் படுக்கையில் விழுந்ததும் அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை சம்பளமில்லாமல் மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ மகனுக்கோ வந்துசேர்கிறது. தமிழ்நாட்டில் அந்த நிலையில் இருப்பவருக்கு எங்கே என்ன கிடைக்கும், எந்த வரிசையில் அலைந்தால் அலைச்சல் குறையும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலிலேயே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பார்த்துக்கொள்பவர் என்ற பெயரில் அரசிடம் உங்களுக்கென்று அநேகமாக எதுவும் இல்லை. கிடைப்பதெல்லாம் நோயாளியின் பெயரில், நோயாளியின் காகிதங்கள் வழியாகத்தான் வரும். அந்தக் காகிதங்களில் பாதிக்கு அவருடைய கையெழுத்தோ கைரேகையோ, அதைவிட முக்கியமாக அவருடைய சுயநினைவோ வேண்டும். அதனால்தான் வரிசை முக்கியம்.

1. ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன் ஒரு கோப்பு

டிஸ்சார்ஜ் சம்மரியை அசலோடு ஐந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நோயின் பெயர், அது தொடங்கிய தேதி, எந்தக் கை கால் விழுந்தது, பேச்சு போயிருக்கிறதா, சிறுநீர் கட்டுப்பாடு இருக்கிறதா என்பவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘கன்டிஷன் ஸ்டேபிள்’ என்று ஒரு வரியோடு முடித்திருந்தால் டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் அந்த டாக்டரே மாற்றலாகிப் போயிருப்பார். ஸ்கேன் படங்களை மட்டும் வாங்கி வந்தால் போதாது. அறிக்கையும் வேண்டும்.

கூடவே, ‘இவர் படுக்கையில் இருக்கிறார், நேரில் வர இயலாது’ என்று லெட்டர்ஹெட்டில் தேதி, முத்திரை, பதிவு எண்ணோடு ஒரு சான்று வாங்கிவிடுங்கள். வங்கி, தபால் நிலையம், ஓய்வூதிய அலுவலகம், ஆதார் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு தாள் உதவும்.

நோயாளியின் செல்பேசி எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் அந்த எண்ணோடுதான் இணைந்திருக்கும், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். சிம் செத்துப்போனால் ஆதாரில் எண்ணை மாற்ற விரல்ரேகை கேட்பார்கள். படுக்கையில் இருப்பவரை ஆதார் மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது எளிதல்ல. ஆதார் உதவி எண் 1947-க்குப் பேசி வீட்டுக்கே வந்து செய்யும் சேவையைக் கட்டணத்துக்குக் கேட்கலாம் என்றாலும், அதுவரை போகவிடாமல் இருப்பதே நல்லது.

2. நினைவு தெளிவாக இருக்கும்போதே வங்கியும் பத்திரமும்

பெரும்பாலான குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இது. கை விழுந்தவருக்குக் கையெழுத்துதான் போடவராது. அவர் சம்மதம் சொல்ல முடியும். மறதி நோய் முற்றியவருக்கோ, கோமாவில் இருப்பவருக்கோ அதுவும் முடியாது. சட்டம் இந்த இரண்டு நிலையையும் வேறு வேறாகப் பார்க்கிறது.

கையெழுத்து மட்டும் வராதவருக்கு: ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாக இருக்கிறது. காசோலையிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ பெருவிரல் ரேகை வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை. வங்கிக்குத் தெரிந்த, சார்பில்லாத இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடி வந்து சேவை செய்யச் சொல்லி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறது. ‘நேரில் கூட்டிட்டு வாங்க’ என்று கிளையில் சொன்னால், டாக்டர் சான்றை இணைத்து மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்குக் கிடைக்காத பதில் தாளுக்குக் கிடைக்கும்.

சேமிப்புக் கணக்கை ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள். மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கையும் கணவன் மனைவி பெயரில் இப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் வைப்புத்தொகையில் ஒரு கண்ணி இருக்கிறது. அதே முறையில் போட்ட எஃப்.டி.யாக இருந்தாலும், முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். அவசரச் செலவுக்கு என்று ஒதுக்கிய தொகை அப்படி மாட்டிக்கொள்ளும். நினைவு இருக்கும்போதே பெரிய எஃப்.டி.யைச் சிறியவையாகப் பிரித்து, முதிர்வுத் தேதிகளை முன்னும் பின்னுமாக வைத்துக்கொள்ளுங்கள். நாமினி எல்லாக் கணக்கிலும் இருக்கிறாரா என்றும் பாருங்கள். நாமினி என்பது இறப்புக்குப் பிறகுதான் பயன்படும். உயிரோடிருக்கும்போது நாமினியால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

அடுத்தது பவர் பத்திரம். ‘பவர் எழுதி வாங்கியாச்சு, இனிக் கவலையில்லை’ என்று நினைப்பவர்கள் நிறைய. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் பவர் அதோடு முடிந்தது. அதாவது மறதி நோய்க்காரரின் பவர், நீங்கள் அதை நம்பியிருக்கும் நேரத்தில்தான் செல்லாமல் போகிறது. கை கால் மட்டும் விழுந்து அறிவு தெளிவாக இருப்பவருக்கு அது நல்ல கருவி. மறதி நோய்க்கு இடைக்கால ஏற்பாடு மட்டுமே.

உயில் எழுதுவதாக இருந்தால், அவர் தெளிவாக இருக்கிறார் என்று அதே தேதியில் டாக்டர் சான்று வாங்கி, முடிந்தால் அந்த டாக்டரையே ஒரு சாட்சியாக வையுங்கள். பிற்காலத்தில் உடன்பிறந்தவர்களிடையே வரும் வழக்கில் முதல் கேள்வி அன்று அவருக்குச் சுயநினைவு இருந்ததா என்பதுதான்.

நினைவு ஏற்கெனவே போய்விட்டதா? அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும், 18 வயது நிரம்பியவருக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன் கீழ் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். மறதி நோயும் கோமாவும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு நீதிமன்றம்தான் வழி. கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் அனுமதித்தது. கூடவே, விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரில் வைப்பாகப் போடவும் உத்தரவிட்டது. சொத்தை விற்றால்தான் சிகிச்சை என்ற நிலையில் இருப்பவர்கள் தரகரிடம் போகும் முன் வழக்கறிஞரிடம் போங்கள்.

3. யூடிஐடி அட்டை

உதவித்தொகை, பயணச் சலுகை, வரிச் சலுகை, சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் வேர் மாற்றுத்திறனாளிகளுக்கான இந்த அடையாள அட்டைதான். ஸ்வாவலம்பன் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், கையெழுத்து அல்லது ரேகையின் படம், முகவரிச் சான்று, மருத்துவ ஆவணங்கள் தேவை. அரசுக் கட்டணம் கிடையாது. தரகர் யாராவது ‘பர்சென்டேஜ் ஏத்தித் தர்றேன்’ என்றால் ஒதுங்கிவிடுங்கள். போலிச் சான்று பின்னால் நோயாளியின் பெயரில்தான் குற்றமாக வரும்.

பாதிப்பு எத்தனை சதவீதம் என்று மதிப்பிடும் மருத்துவரிடம் எப்போது போவது? நரம்பு சம்பந்தப்பட்ட பாதிப்புகளுக்கு, நோய் தொடங்கி ஆறு மாதம் கழிந்த பிறகுதான் பொதுவாக மதிப்பீடு செய்வார்கள். இரண்டாவது மாதமே வாடகை வண்டி பிடித்துக் கூட்டிப்போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அதற்குள் கோப்பைத் தயார் செய்துவிடலாம். போவதற்கு முன்தினம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் பேசி, உங்களுக்கு வேண்டிய நிபுணர் அன்று வருகிறாரா என்று கேளுங்கள். பக்கவாதத்துக்கு எலும்பு மருத்துவர் மட்டும் இருக்கும் நாளில் போய்ப் பயனில்லை. ஸ்ட்ரெச்சரில் வருபவரை வண்டியிலேயே வந்து பார்க்கும்படி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

சதவீதக் கணக்கைப் புரிந்துகொண்டு போவது நல்லது. கை காலை மட்டும் பார்த்து ஒரு எண் போட்டுவிட்டால் பேச்சிழப்பும் நினைவுக் குறைவும் கணக்கில் வராமல் போகும். எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பிடும்படி கேளுங்கள். சேர்ப்பதும் நேர்க்கூட்டல் அல்ல. பெரிய எண்ணோடு, சிறிய எண்ணை 90-லிருந்து பெரிய எண் போக மீதியால் பெருக்கி 90-ஆல் வகுத்து வருவதைக் கூட்டுவார்கள். 60-உம் 30-உம் சேர்ந்தால் 90 வராது, 70 தான் வரும். 60-உம் 45-உம் சேர்ந்தால் 75. இந்த 75-க்கு என்ன மதிப்பு என்பது அடுத்த படியில் தெரியும்.

அட்டையின் நிறம் 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். சான்று நிரந்தரமா தற்காலிகமா என்று அங்கேயே பாருங்கள். பக்கவாதத்துக்குப் பல நேரம் காலவரம்போடுதான் தருவார்கள். தேதி முடிந்தால் உதவித்தொகையும் நின்றுவிடும் என்பதால், முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். கொடுத்த சதவீதம் சரியில்லை என்று தோன்றினால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு இடமிருக்கிறது.

4. மாத உதவித்தொகை

மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் ரூ.2,000. பொதுவான உடல் குறைபாட்டுக்கு 75 சதவீதம் தேவை. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் போன்றவற்றுக்கு 40 சதவீதம் போதும். இதைத் தெரியாமல் ‘75 இல்லையே’ என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு. யூடிஐடி, ஆதார், குடும்ப அட்டை, நோயாளி பெயரில் உள்ள வங்கிப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு இ-சேவை வழியாகவோ மாவட்ட அலுவலகத்திலோ கொடுக்கலாம்.

இதைப் பெறுபவர்களில் அதிக ஆதரவு தேவைப்படுபவர் என்று கண்டறியப்பட்டவருக்கு, கூட இருந்து பார்ப்பவருக்கென்று மாதம் ரூ.1,000 தனியாக உண்டு. பார்த்துக்கொள்பவரை நினைத்துக் கொடுக்கப்படும் தொகை நேரடியாக இது ஒன்றுதான். தானாக வராது, கேட்க வேண்டும். சாப்பிடுவது, குளிப்பது, கழிப்பறை, புரண்டு படுப்பது எதற்கெல்லாம் ஆள் வேண்டும் என்பதை மனுவில் வரி வரியாக எழுதுங்கள்.

வருவாய்த்துறையின் முதியோர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தால் பராமரிப்பு உதவித்தொகை சேர்ந்து கிடைக்காது. இது கிடைப்பது உறுதியாகும்வரை பழையதை நிறுத்தாதீர்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் மாவட்டங்கள் உண்டு. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வந்தபின், ஆண்டுக்கு ஒருமுறை உயிருடன் இருப்பதற்கான சான்றைக் கொடுக்கத் தவறினால் பணம் நின்றுவிடும். மாநில உதவி எண் 1800 425 0111.

5. வீட்டுக்கு வரும் மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்றால் பிரஷர், சுகர் மாத்திரை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வலி நிவாரண ஆதரவு சிகிச்சை, இயன்முறை சிகிச்சை இரண்டும் அதில் இருக்கின்றன. செவிலியர் வந்து புண்ணுக்குக் கட்டுப்போடுவார், சிறுநீர்க் குழாயைக் கவனிப்பார். பிசியோதெரபிஸ்ட் வந்து பயிற்சி சொல்லிக்கொடுப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு போய், ‘படுக்கை நோயாளி, வீட்டு வருகை வேண்டும்’ என்று பதிவு செய்யுங்கள். உங்கள் பகுதி மகளிர் சுகாதாரத் தன்னார்வலரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவ உதவி எண் 104-க்குப் பேசியும் கேட்கலாம். அடிக்கடி வரமாட்டார்கள், ஆகவே வரும் நாளில் அவர்கள் செய்வதை அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான். வீட்டில் ஆகும் டயபர், ஆள் சம்பளம் எதற்கும் வராது.

படுக்கைப்புண்தான் பெரிய செலவைக் கொண்டுவரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள். முழுதாக ஒருக்களிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்தால் போதும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் உள்தசை கெடும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வேண்டாம், சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அது நிறுத்துகிறது. காற்று மெத்தை வாங்கினாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. மூக்குக் குழாயில் ஊற்றும்போதும் ஊற்றி அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும்.

6. ஓய்வூதியம் நிற்காமல் பார்ப்பது

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ்ச் சான்று நவம்பரில். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே தரலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு ஓய்வு பெற்ற மாதம். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு எந்த மாதத்திலும் தரலாம், ஓராண்டு செல்லும். தபால்காரர் வீட்டுக்கே வந்து ரூ.70-க்கு டிஜிட்டல் சான்று எடுத்துத் தருவார். ரேகை பதியாத விரல்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், செல்பேசியில் முகத்தைக் காட்டியும் எடுக்கலாம்.

7. ஆள் வைத்தால்

ஏஜென்சி வழியாக வரும் உதவியாளருக்கு நாள் கூலி ஊருக்கு ஊர் மாறும். கூலியைவிட ஒப்பந்தத்தைப் பாருங்கள். முன்பணம் எவ்வளவு, ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள், விடுப்பு நாளுக்குக் கூலி உண்டா, தூக்குவது, குளிப்பாட்டுவது, மலம் அள்ளுவது எல்லாம் வேலையில் சேர்த்தியா என்பவை எழுத்தில் இருக்கட்டும். ‘நர்ஸ்’ என்று சொல்லி அனுப்புபவரிடம் செவிலியர் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு இல்லாதவர் ஊசி போடக் கூடாது. கட்டில், ஆக்சிஜன் கருவி போன்றவற்றை முதல் மூன்று மாதம் வாடகைக்கு எடுங்கள், தேவை மாறிக்கொண்டே இருக்கும்.

8. உடன்பிறந்தவர்கள் கை கொடுக்காவிட்டால்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்டு மனு கொடுக்கலாம். மனுதாரர் நீங்கள் அல்ல, பெற்றோர். அவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்தவர். எல்லாப் பிள்ளைகளையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். உச்சவரம்பு மாதம் ரூ.10,000. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். மருந்து ரசீது, டயபர் ரசீது, ஆள் கூலி எழுதிய நோட்டு இவைதான் உங்கள் சாட்சி. எனவே முதல் நாளிலிருந்தே கணக்கு எழுதுங்கள். மனு போடும் முன் அந்தக் கணக்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதாமாதம் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே கை நீளும். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

பெற்றோர் வீட்டை யாருக்காவது தானமோ செட்டில்மென்ட்டோ எழுதுவதானால், ‘என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அது இருந்தால்தான், பார்க்காதபோது அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்பது எளிது.

9. வருமான வரி

பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. உங்களைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்கு 80டிடி-யில் ரூ.75,000, அவருக்கு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் ரூ.1,25,000. எவ்வளவு செலவழித்தாலும் இதே தொகைதான். கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமே சார்ந்தவர். மாமியாரைப் பார்க்கும் மருமகளுக்குக் கிடையாது, அந்த மகன்தான் கோர முடியும். நல்ல ஓய்வூதியம் வாங்கும் அப்பாவைச் சார்ந்தவர் என்று காட்டினால் கேள்வி வரும்.

80டிடிபி-யில் குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைச் செலவுக்கு ரூ.40,000, மூத்த குடிமகனுக்கு ரூ.1,00,000. மறதி நோயும் பார்க்கின்சனும் பட்டியலில் இருக்கின்றன. பக்கவாதம் அந்தப் பெயரில் இல்லை, ஆனால் மூளைப் பாதிப்பால் பேச்சிழப்பது இருக்கிறது. நரம்பு நோய்களுக்கு 40 சதவீதப் பாதிப்பும், நிபுணரின் மருந்துச்சீட்டும் தேவை. காப்பீடு எடுக்காத மூத்த குடிமகனான பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 80டி-யில் ரூ.50,000 வரை. ரொக்கமாகக் கொடுத்தது சேராது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒன்று: மாற்றுத்திறனாளியைப் பார்த்துக்கொள்ளும் முதன்மைப் பொறுப்பில் இருப்பவருக்கு வழக்கமான சுழற்சி இடமாறுதலிலிருந்து விலக்குக் கேட்க 2018 அக்டோபர் மாத ஆணை இடம் தருகிறது.

10. உங்களுக்கு மாற்று ஆள்

இடுப்புவலி, தூக்கமின்மை, எரிச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் 14416-க்குப் பேசுங்கள். அது டெலிமனாஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் கிடைக்கும். மறதி நோய்க் குடும்பங்களுக்குச் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் டெம்கேர்ஸ் மையம் இருக்கிறது. பல்வகைக் குறைபாட்டுக்கு முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனத்தையும், தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தையும் கேட்டுப் பாருங்கள்.

மாதம் இரண்டு நாளாவது வேறொருவர் கையில் ஒப்படைக்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் ஆள் இல்லாதது காரணமல்ல. எல்லாம் உங்கள் தலைக்குள்ளேயே இருப்பதுதான். ஒரு அட்டையில் எழுதி, கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்: மாத்திரையின் பெயரும் வேளையும் அளவும், எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, குழாயில் ஒரு வேளைக்கு எத்தனை மில்லி, கடைசியாகத் திருப்பிப் படுக்கவைத்த நேரம், சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டிய தேதி, எந்த அறிகுறி வந்தால் 108, எது வந்தால் உங்களுக்கு போன். புதிதாக வருபவரை ஒரு முழு நாள் உங்களோடு வைத்துக்கொண்டு, அட்டையைப் பார்த்து அவரையே செய்யவிடுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் அட்டையில் ஒரு வரி கூட்டி எழுதுங்கள்.